நாலு எடு

"சிரிச்சது போதும். தட்டுல இருக்கிறதைப் பாருங்க."

அவள் போட்ட அதட்டலில் கணவன் போனைக் கவிழ்த்து வைத்தான். வாயோரம் மட்டும் சிரிப்பு பாக்கியிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அந்தரத்தில் தொங்கிவிட்டு வருகிற மனுஷன். வீட்டுக்கு வந்து, கை கழுவி, நேரே போன்.

போனில் வேறொன்றுமில்லை, வீட்டுக்கு வீடு ஆடுகிற கலர் சீட்டு விளையாட்டுதான். நாலு கலர், நம்பர், நடுநடுவே எதிராளியை அழவைக்கிற சில சீட்டுகள். கைச்சீட்டு முதலில் தீர்ந்தவருக்கு ஜெயம். இப்போது அது போனுக்குள்ளும் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு ஆடலாம். ஆடிக்கொண்டே எழுதிப் பேசலாம்.

அந்தப் பேச்சுதான் அவள் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

'ஊதாப்பூ: இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேன்!'

'லிஃப்ட்: உங்களை ஜெயிக்க என்னால முடியுமா?'

மறுநாள், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் மாட்டிய லென்ஸெல்லாம் கோணிக்கொண்டு நின்றன. பக்கத்து மேஜைத் தோழி கேட்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

சொன்னாள்.

"ஊதாப்பூவா? பேரே சரியில்லையே! நேரா கேட்டுடு."

கேட்டாள்.

"யாருங்க அந்த ஊதாப்பூ?"

அவனுக்குப் புரையேறியது. "கூட ஆடுறவங்க."

"அது தெரியுது. யாரு?"

"அப்புறமா சொல்றேன்."

"அப்புறம்னா எப்போ?"

"நீ கோபமா இல்லாதப்போ."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பேச்சை நிறுத்துவது அவளுக்குப் புதிதா என்ன? பெற்ற தாயிடமே போன மழைக்காலத்திலிருந்து பேச்சில்லை. தனியாக இருக்காதே, எங்களோடு வந்துவிடு என்று இவள் கூப்பிட, என் வீடு எனக்குப் போதும் என்று அம்மா மறுக்க, "அப்படின்னா என்னை மறந்துடு" என்று போனை வைத்ததோடு சரி. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் இருவருக்கும் உடும்புப்பிடி.

அடுத்த நாள் சாயங்காலம் அவன் குளிக்கப் போயிருந்தான். மேஜைமேல் போன் 'டிங்' என்றது. திரையில் பாதி ஆட்டம்.

'உங்க முறை' என்றாள் ஊதாப்பூ. அவள் கையில் ஒரே ஒரு சீட்டு. அதைப் போட்டால் ஜெயித்தாள்.

கணவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

எதிராளியை நாலு சீட்டு எடுக்கவைக்கிற 'நாலு எடு' இரண்டு! எதிராளியின் முறையைப் பறித்து உட்கார வைக்கிற சீட்டு ஒன்று! இத்தனையும் வைத்துக்கொண்டு போடாமல் இருந்திருக்கிறான்! கட்டின பெண்டாட்டிக்கு டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காதவன், எவளோ ஒருத்திக்கு ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கிறான்!

"இரு, உனக்கு வெச்சிருக்கேன்."

எடு நாலு. எடு இன்னும் நாலு. உட்காரு. இருந்த மிச்ச சீட்டையும் மடமடவென்று இறக்கினாள். ஆட்டம் முடிந்தது.

உடனே பதில் வந்தது.

'என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு இந்த அடி அடிச்சுட்டீங்க?'

மாப்பிள்ளையா?

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், போன் அவள் கையில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"எத்தனை நாளா இது?" என்றாள்.

"நீ போனை வெச்ச அந்த வாரத்துலேர்ந்து. தனியா இருக்காங்களேன்னு கூப்பிட்டேன். முதல் கேள்வியே உன்னைப் பத்திதான். நான் என்ன சொல்லட்டும்? அதான், பேச வேண்டாம் அத்தை, ஆடலாம்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொன்னா அதுக்கும் கோவிச்சுப்பே. தினம் ஒரு ஆட்டம் ஆட வந்துட்டாங்கன்னா நல்லாயிருக்காங்கன்னு அர்த்தம். என்னைக்காவது 'அம்மா எப்படியிருக்கா'ன்னு நீ கேட்டா, நான் பதில் சொல்லணுமில்ல?"



"அதுக்காக, தினமும் தோத்துக் குடுத்தீங்களா?"

"ஜெயிச்சா குஷியாயிடறாங்க. எனக்கென்ன போச்சு?"

'டிங்.' அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வந்து விழுந்தது. அவள் போனை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீயே ஆடு."

"நான் எதுவும் எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம். ஆடு."

ஆடினாள். கண்ணில் நீர் முட்டி, பச்சை எது நீலம் எது என்று தெரியாமல் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். ஆனால் கை மட்டும் இரக்கம் பார்க்கவில்லை. சின்ன வயசில் அம்மாவோடு ஆடிய நாளிலிருந்தே சீட்டைப் பிடித்தால் அவள் அப்படித்தான். அந்தப் பக்கம் ஒரே சீட்டு என்று வந்ததும், ஓங்கிப் போட்டாள்.

எடு நாலு.

அந்தப் பக்கத்திலிருந்து அசைவே இல்லை. சீட்டும் விழவில்லை, எழுத்தும் வரவில்லை. அவன் அவள் தோளுக்குமேல் குனிந்து பார்த்தான்.

அப்புறம் மெதுவாக ஒரு வரி வந்தது.

'மாப்பிள்ளை, இனிமே போனை என் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க. உங்களை ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு அலுத்துப்போச்சு.'