தப்பித்த படங்கள்

"பாதிதான் போயிருக்கு! பாரு, இதோ நிக்கிறார். இங்கயும் நிக்கிறார். எல்லாத்தையும் எடுன்னுதானே சொன்னேன்?"

கர்ட்டிஸ் புத்தகத்தைக் கிர்ஸ்டனின் மேசையில் போட்டான். மை வாசனைகூட இன்னும் போகவில்லை.

கிர்ஸ்டனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அச்சகத்தின் வெள்ளிவிழா மலர் அது. நாளை மாலை சர்ச் ஹாலில் விருந்து. ஊரே வரும், ஆளுக்கொரு பிரதி. பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது விழுந்த பனிகூட இன்னும் உருகவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஸ்கிரிப்டை ஓட்டினேன் கர்ட்டிஸ். தப்புன்னு எதுவும் காட்டல..."

"ஓட்டிட்டா போதுமா? பக்கத்தைப் புரட்டிப் பாக்க மாட்டியா? அம்மாவை விட்டுட்டுப் போன மனுஷனோட மூஞ்சியை ஊருக்கே பரிசாக் குடுக்கணுமா? அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு. திங்கக்கிழமை உனக்கு இங்க வேலை இருக்கான்னு அப்புறம் பாக்கலாம்."

அவன் அம்மாவின் அறைக்கு விறுவிறுவென்று போனான்.

அந்த மனுஷன் கர்ட்டிஸின் அப்பா க்ளென். மனைவி ஆர்லீனோடு சேர்ந்து இந்த அச்சகத்தைத் தொடங்கியவர். ஒரு குளிர்காலத்தில் அரிசோனாவுக்குக் கிளம்பினார், திரும்பவே இல்லை. அவர் பெயரை எடுத்தாலே மகன் கடுகாய்ப் பொரிவான். மலரில் அவருடைய ஒரு படமும் இருக்கக்கூடாது என்று அவன் மேசையைத் தட்டியபோது, ஆர்லீன் "சரிப்பா" என்றதோடு சரி. மறுநாள் காலை, அவருடைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் நீக்கும் ஸ்கிரிப்டை, அதாவது ஒரு குட்டி நிரலை, கிர்ஸ்டனிடம் கொடுத்தாள். "அப்படியே ஓட்டு. நேரமில்ல, நேரா அச்சுக்கு அனுப்பிடு" என்றாள்.

பக்கத்து மேசை டுவேன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவன் பக்கம் அமைக்கும் இந்த மென்பொருளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு தப்பிச்சிருக்கா? அப்ப அதேதான். ஸ்கிரிப்டைக் காட்டு."

திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "முன்னாலேர்ந்து அழிச்சிருக்கு. ஏம்மா, இந்தப் படங்களோட வரிசை பாக்கத்தான் சாதாரண வரிசை. டோனட் கடை க்யூ மாதிரி நகர்ற ஜாதி இது. முதல் ஆளைத் தூக்கினா ரெண்டாவது ஆள் முதல் இடத்துக்கு வந்துடுவான். ஸ்கிரிப்ட் அதைப் பாக்காம ரெண்டாவது இடத்துக்குப் போயிடும். வந்தவன் தப்பிச்சான்."

"அப்ப எப்படித்தான் அழிக்கிறது?"

"கடைசியிலேர்ந்து. கடைசி ஆள் போனா யாரும் நகர மாட்டாங்க. போ, போய்ச் சொல்லிட்டு வா. மென்னு முழுங்காம சொல்லு."

ஆர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கர்ட்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிர்ஸ்டன் நடந்ததைச் சொல்லி, "நான் பக்கங்களைப் பாத்திருக்கணும், மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"கம்ப்யூட்டர் பண்ணின கோளாறுக்கு நீ என்ன செய்வே?" என்றாள் ஆர்லீன். "பாக்காம அனுப்பச் சொன்னது நான். உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"அம்மா, மறுபடி அச்சடிக்கலாம்..."

"நாளைக்கு விருந்தை வெச்சுக்கிட்டா?"

அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. பழைய அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் க்ளென். அவர் தோளில் குட்டி கர்ட்டிஸ். இருவர் மூக்கிலும் மை.

கர்ட்டிஸ் குனிந்தான். படத்தைப் பார்த்தான்.

"என்னமோ பண்ணுங்க" என்று, கார் சாவியைத் தேடுகிறவன்போல் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே வெளியேறினான்.

கிர்ஸ்டன் தன் நாற்காலியில் வந்து விழுந்தாள். "பிழைச்சேன், டுவேன்!"

"நல்லது. இரு, அடுத்தவன் மாட்டறதுக்கு முன்னாடி இதைச் சரிபண்ணி வைக்கிறேன்." அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். "இவ்வளவு கத்துக்குட்டித்தனமா இதை எழுதினது யாரு?"

"ஆர்லீன்தான். அன்னிக்குக் காலையில என் கண்ணு முன்னாடி உக்காந்து எழுதினாங்க."

டுவேனின் கை அப்படியே நின்றது.

"ஆர்லீனா? நான் இங்க சேர்ந்த முதல் நாளே, 'எதை அழிச்சாலும் கடைசியிலேர்ந்து அழி, டுவேன்'னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவங்கதானே!"