திரையில் தெரிந்தது

உறைந்த ஏரி ஒன்றில் மீன் பிடிப்பவனிடம், ஒலியை அனுப்பி மீனைக் கண்டுபிடிக்கும் சோனாரும், பனியைத் துளைக்கும் துரப்பணமும் வேலை பார்த்தன. சோனாரின் கண் துளை வழியே தண்ணீருக்குள் இருக்கும்; திரை மேலே சறுக்குவண்டியில் இருக்கும். அடியில் மீன் அசைந்தால் அந்த நொடியே திரையில் தெரியும். ஒருநாளும் தப்பாகக் காட்டியதில்லை என்று சோனாருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று ஒரு பெரிய மீன், ஆறு வந்து கலக்கும் பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. சோனார் காட்டக் காட்ட, அவன் அதன் பின்னாலேயே போய்த் துளை போட்டான்.

ஐந்தாவது துளையில் துரப்பணம் மெல்லச் சொன்னது: "தம்பி, காலையில் முப்பது சுற்று சுற்றித்தான் தண்ணீரைத் தொட்டேன். இங்கே எட்டே சுற்று, பனி அவ்வளவு மெலிசு. அவன் என்னையா பார்க்கிறான், உன் முகத்தைத்தான் பார்க்கிறான். கொஞ்ச நேரம் மீனைக் காட்டாமல் இரேன், திரும்பிவிடுவான்."

சோனார் தயங்கியது. "இருக்கிற மீனை இல்லையென்று காட்டினால் அப்புறம் என்னை யார் நம்புவார்கள் அண்ணே? பனியின் கனம் உன் பாடு."

"நல்ல பிள்ளைதான் நீ," என்றது துரப்பணம்.

மீன் இன்னும் பத்தடி நகர்ந்தது. சோனார் காட்டியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் அந்தப் பக்கம் காலை வைத்தான். பனி உடைந்தது.

"என்னடா தெரிகிறது?" என்று கேட்டது துரப்பணம்.

நீளமான உருவம் ஒன்று கைகால்களை அடித்துக்கொண்டது. பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு மெல்லக் கீழே இறங்கியது. சோனார் அதையும் அடி அடியாக, தப்பில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது. பார்க்க மேலே யாரும் இல்லை.