பின்சீட்டின் உறை

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, ஈரோட்டில் ஒரு கார் சுத்தம் செய்யும் கடையில், பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை ஐந்து வருடத்துக்குப் பிறகு பிரிக்கப்பட்டது. கீறல் விழுமென்று அதைக் கழற்றவே விடாதவர் காரின் சொந்தக்காரர் குழந்தைவேலு. போன மாதம் அவருடைய மகள் தாரிகா காய்ச்சலில் இறந்தாள். “இனி யாருக்குங்க பத்திரப்படுத்தறது? பிரிச்சு எறிஞ்சுருங்க” என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாலையில் மனைவி பூங்கொடியோடு காரை எடுக்க வந்தார்.

“புதுசாட்டவே இருக்குதுங்ணா, ஒரு கீறல் இல்லை” என்றார் கடைக்காரர் ஜாபர்.

பூங்கொடி குனிந்து சீட்டை முகர்ந்தாள். தையல் இடுக்கில் விரல்விட்டு, ஒரு முடியாவது கிடைக்குமா என்று தேடினாள்.

“இதுல அவ உக்காரவே இல்லீங்க” என்றாள் கணவரிடம். “அந்த உறை மேலதான் உக்காந்தா. அது எங்கே?”

மதியமே குப்பை வண்டி எடுத்துப் போயிருந்தது.