பாதி விலை

"எங்க மருந்துக் காச ஜெசிந்தன் பய குடிச்சே தீர்த்திருப்பான் மிஸ். நீங்க போலீசுக்கு எழுதுங்க," என்றார் அந்தோனி.

கணக்கெடுக்க வந்த மயூரி எழுத வேண்டியது வேறு. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த மருந்துக் கார்டு எப்படி இருக்கிறது என்று கேட்டு, கட்டம் கட்டமாகச் சரி போட வேண்டும். கார்டு இருந்தால் பதுளை டவுன் மருந்துக் கடையில் பாதி விலைக்கு மருந்து. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, இந்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்பது பேரிடம் அந்தக் கார்டு இருந்தது.

'மருந்துக் கடைக்குச் சுலபமாகப் போய்வர முடிகிறதா?' என்பது முதல் கேள்வி. மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்காததால், அதைப் பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டாள்.

"கார்டு பிரயோசனமா இருக்கோ?"

"தங்கமான கார்டு மிஸ்," என்றாள் அந்தோனியின் மனைவி செசிலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "ஆஸ்பத்திரியில மாத்திரை இல்ல, வெளிய வாங்குங்கன்னு துண்டுச் சீட்டு குடுத்தா முன்னாடியெல்லாம் கடனுக்கு அலையணும். இப்ப ஒரு வருஷமா பாதி காசுதான். குடுத்தவங்க நல்லா இருக்கணும்."

மற்ற எட்டுப் பேரும் அதையேதான் சொன்னார்கள். போன தடவையும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

கார்டில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஜெசிந்தன்தான்.

மண் சரிந்த பிறகு பஸ் மேலே வருவதில்லை. டவுனுக்குப் போகிற ஒருவனிடம் லயமே சாமான் சொல்லிவிடுவது இங்கே பழக்கம். அந்த ஒருவன் ஜெசிந்தன். பதுளைச் சந்தையில், வெலிமடையிலிருந்து லாரியில் வரும் மரக்கறி மூட்டை இறக்குகிறவன். மாதம் பிறந்தால் ஒன்பது கார்டு, ஒன்பது துண்டு, மருந்துக்குப் பாதி காசு எல்லாம் அவன் கைக்குப் போகும். சாயந்தரம் மருந்து வந்துவிடும். இந்த மாதம் போனவன் பதினேழு நாளாகத் திரும்பவில்லை.

"அப்ப உங்களுக்கு மருந்தே இல்லையோ?" என்று செசிலியிடம் கேட்டாள்.

"இருந்த பிரஷர் மாத்திரைய ஒடச்சு ஒடச்சு முழுங்குனேன் மிஸ். வியாழக்கெழமையோட அதுவும் முடிஞ்சிருச்சு. தலைதான் கிறுகிறுன்னு வருது. சரியாப் போயிரும்."

அது தானாகச் சரியாகப் போகிற விஷயமில்லை. மயூரியின் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொண்டே விழுந்தார். அவளுக்கு ஜெசிந்தன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதுளைக்கு இறங்கியதும் நேரே மருந்துக் கடைக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் ரிஸ்கா, மயூரி குறித்துவைத்திருந்த ஒன்பது கார்டு இலக்கங்களையும் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள்.

"இதுல ஒரு கார்டும் ஒரு நாளும் பாவிச்சில்ல மிஸ். இதுக்கு ஒரு மாத்திரையும் குடுத்தில்ல."

"ஒரு வருசமாப் பாதி விலைக்கு வாங்கினதெண்டு சொல்லுதுகளே?"

"வேற ஆள் கொண்டு வந்தா குடுக்க ஏலா. கார்டுக்காரங்களே வந்து மெஷின்ல விரல் வெக்கோணும். அதான் சட்டம்."

அப்படியானால் அந்தப் படுபாவி ஒரு வருஷமாக வயதானவர்களுக்கு எதைத்தான் வாங்கிக் கொடுத்தான்? காலாவதியான மாத்திரையா? விசாரித்துக்கொண்டே சந்தைக்கு நடந்தாள்.

சந்தையின் பின்பக்கம், மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் அவனைக் கண்டுபிடித்தாள். வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு. மூட்டை சரிந்து விழுந்ததாம்.

அவள் யாரென்று சொன்னதும் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். ஒன்பது கார்டு, ஒன்பது துண்டு, காசு.

"அப்பிடியே இருக்கு மிஸ். எண்ணிக்கிங்க."

"காசிருந்தும் ஏன் மருந்து வாங்கேல்லை? ஒரு வருசமா என்னத்தை வாங்கிக் குடுத்தனீங்கள்?"

"அதே மாத்திரைதான் மிஸ். இதே கடையில. முழு வெலைக்கு."

மயூரிக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அப்ப மற்றப் பாதி?"

அவன் மாவுக்கட்டைப் பார்த்தான். "மூட்டை தூக்குன வரைக்கும் சமாளிச்சேன்."

"கார்டு செல்லாதெண்டு அதுகளிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"மொத மாசமே சொன்னேன். அப்ப எனக்கு மருந்தே வேணாம்னு செசிலியம்மா துண்டக் கசக்கி அடுப்புல போடப் போயிட்டாங்க. மறுநாளே போயி, கடையில தெரியாமச் சொல்லிட்டாங்க, கார்டு செல்லுதாம்னு பொய் சொன்னேன்."

"நீங்கள் குடிச்சழிச்சதெண்டு கதைக்கினம்."

"கதைக்கட்டும் மிஸ். இந்தக் காசுக்குப் பாதி மருந்தோட போனா விஷயம் தெரிஞ்சிரும். கார்டு செல்லாதுன்னு தெரிஞ்சா எல்லாரும் மருந்த விட்டுருவாங்க."

மயூரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். இந்த மாதத்து மற்றப் பாதியை அவள் போட்டுவிடுவாள். அடுத்த மாதம் யார் போடுவது?

"ஒன்னே ஒன்னு எழுதுங்க மிஸ்," என்றான் ஜெசிந்தன். "மாசம் ஒருக்கா ஒரு மருந்து வண்டி மேல வந்தாப் போதும். அவங்களே விரல் வெச்சு வாங்கிக்குவாங்க. எவன் காலையும் நம்பி இருக்க வேணாம்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படி ஒரு வண்டியை அந்த லயத்துக்கென்றே ஒதுக்கித்தான் இருந்தார்கள். ஒன்பது பேரிடமும் போனிலேயே விசாரித்து, 'கார்டு சிறப்பாகப் பயன்படுகிறது, இங்கே வண்டி தேவையில்லை' என்று போன தடவை எழுதி அனுப்பியவள் மயூரிதான்.