கொக்குக் கிண்ணம்

"மெதுவா, மெதுவா! கை வெச்சுடாதீங்கோ சார், உடைஞ்சா அவ்வளவுதான்!"

ரிக்ஷாவிலிருந்து இறங்கிய மனிதர், பெட்ஷீட் சுற்றிய மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி பதறினார். உதவிக்குக் கை நீட்டிய ஜோனாஸ் சட்டென்று பின்வாங்கினார்.

வந்தவர் பெயர் அனந்தராமன். விமான் நகரில் இருக்கிறாராம். காலையில் போன் செய்து, "ஈனிட் டீச்சர் வீடுதானே? அவங்களுக்கு ஒரு சாமான் கொண்டு வரேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன சாமான், யார் கொடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை.

ஜோனாஸின் மனைவி ஈனிட் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அனந்தராமன் சாப்பாட்டு மேஜையின் மேல் மூட்டையை வைத்துப் பிரித்தார்.

ஜோனாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முழங்கை உயரத்தில் ஒரு பீங்கான் சாமான். நாணல் புதருக்குள் மூன்று கொக்குகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றின் தலைக்கு மேல் பெரிய சிப்பி வடிவத்தில் ஒரு கிண்ணம். வெளியே கரும்பச்சை, உள்ளே ரோஜா நிறம்.

"என்ன சார் இது? மீன் குழம்பு ஊத்துற பாத்திரமா?"

"ஐயையோ, இல்லை சார். டைனிங் டேபிள் நடுவுல அழகுக்கு வைக்கறது. பூ வைக்கலாம், பழம் வைக்கலாம். மஜோலிக்கான்னு ஒரு தினுசுப் பீங்கான். விக்டோரியா மகாராணி காலத்து சாமான். வெள்ளைக்கார மேஜர் ஒருத்தர் ஊருக்குப் போறச்சே வீட்டு சாமானையெல்லாம் ஏலம் விட்டாராம். எங்கப்பா ஆசையா எடுத்தது."

"சரி. அதை எங்களுக்கு என்னத்துக்குத் தரீங்க?"

"அதுதான் எனக்கும் புரியலை சார்."

ஜோனாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தால் புத்தி கலங்கியவர் போலத் தெரியவில்லை.

அனந்தராமன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அப்பா போன மாசம் தவறிட்டார். கடைசி ஒரு வருஷம் பேச்சே சரியா வரலை. ஆனா தினம் இதை மட்டும் சொல்லுவார். 'கொக்குக் கிண்ணம்... சுவிசேஷமுத்து பொண்ணு... ஈனிட்...' சொல்லிட்டு அழுவார். ஏன் எதுக்குன்னு கேட்டா பதில் கிடையாது. குடுத்துடறேன்னு நான் சத்தியம் பண்ணினப்புறம்தான் என் கையை விட்டார். நாலு சர்ச்சுல விசாரிச்சு உங்களைக் கண்டுபிடிச்சேன்."

"சுவிசேஷமுத்து என் மாமனாருதான். ஆனா நான் அவரைப் பாத்ததே இல்ல. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டாரு. உங்கப்பாவுக்கு எப்படிப் பழக்கம்?"

"எங்கப்பாவோட ஆபீஸ்ல அவர் பியூனா இருந்தாராம். அப்போ எங்க குடும்பம் இருந்த கிர்க்கி பங்களாவுலயும் ஒத்தாசையா இருப்பாராம். எல்லாம் நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

ஜோனாஸுக்கு இப்போது கொஞ்சம் பிடி கிடைத்ததுபோல இருந்தது. "அப்ப விசுவாசமா உழைச்சிருப்பாரு. அதை மனசுல வச்சிருந்து செஞ்சிருக்காரு உங்கப்பா. ஈனிட்! இங்க வந்து பாரு, உங்கப்பாவுக்கு வந்த மரியாதையை!"

ஈனிட் ஏற்கெனவே அடுக்களை வாசலில்தான் நின்றிருந்தாள். கையிலிருந்த தட்டு சாய்ந்து, டீ கப்புகள் ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டிருந்தன. ஜோனாஸ் ஓடிப்போய்த் தட்டை வாங்கினார்.

"என்னம்மா? சுகர் இறங்கிடுச்சா?"

அவள் மேஜையருகே வந்து, கொக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உங்கப்பா பேரு விஸ்வேஸ்வரனா?"

"ஆமா மேடம்! உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"இது எங்க இருந்துச்சு?"

"பரண்ல, ஒரு மரப்பெட்டில. அறுபத்திரண்டுல வீடு மாறினப்போ அம்மா வைக்கோல் போட்டுக் கட்டினதாம். அப்பா அந்தப் பெட்டியை யாரையும் தொட விடமாட்டார். ஆணி அடிச்சு வெச்சிருந்தார்."

"எத்தனை வருஷமா?"

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா."

ஈனிட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜோனாஸ் மனைவியையும் விருந்தாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பரிசு கொடுக்க வந்தவரைப் போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கிறாளே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அனந்தராமனும் குழம்பிப்போனார். "வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்கோ மேடம். அப்பா ரொம்ப நேர்மையானவர். அடுத்தவா பொருள் ஒரு குண்டூசி வெச்சுக்க மாட்டார். இதுல ஏதோ நியாயம் இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கோளேன்."

ஈனிட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

"வச்சிட்டுப் போங்க சார். உங்கப்பா சொன்னதை நீங்க செஞ்சிட்டீங்க. நிம்மதியா இருங்க."

அனந்தராமனின் முகம் தெளிந்தது. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். ரிக்ஷா திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்ற ஜோனாஸ், கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவரோட அப்பா உனக்கு என்னத்துக்கு இதைக் குடுத்து அனுப்பணும்? இப்பவாவது சொல்லு ஈனிட்."

ஈனிட் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க வீடு மாறினப்போ இதைத் திருடிட்டாருன்னு அவரு குடுத்த புகார்லதான் எங்கப்பாவை ஒரு வருஷம் ஏரவாடா ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்த அன்னைக்கு நேரா என் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, 'நான் எடுக்கல தாயி, நீயாவது நம்பு'ன்னு அழுதாரு. சிநேகிதிங்க எல்லாரும் பாக்குறாங்கன்னு, 'இவரு யாருன்னே தெரியாது, எங்கப்பா செத்துட்டாரு'ன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னேங்க. அதுக்கப்புறம் அவரு எங்க போனாருன்னே எனக்குத் தெரியாது."