தேய்ந்த பிரேக்

கம்பம்மெட்டு மலை இறக்கத்தில் கார் பிரேக் கீச்சிட ஆரம்பித்துப் பல நாளாகிவிட்டது. மனைவி ஷரீபா இறந்ததிலிருந்து, ஏலக்காய் வியாபாரி உமர் பாருக்குக்கு எதையும் கவனிக்கத் தெம்பில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் காரை மெக்கானிக் இம்மானுவேலிடம் விட்டார்.

“போன மாசம் போட்ட பிரேக் பேடு மொத்தமும் தேஞ்சிருச்சு பாய். இறக்கம் முழுக்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே வாறீகளா?”

“நான் கியர்லதான்ப்பா இறங்குவேன். பக்கத்துல உக்காந்து, பயத்துல வெறுந்தரைய மிதிச்சுக்கிட்டே வருவா ஷரீபா. இப்பத்தான் அவளும் இல்லையே.”

இம்மானுவேல் புது பேடு மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மலையிறங்கும்போது, முதல் வளைவிலேயே கார் தானாக வேகம் குறைந்தது. உமர் பாருக்கின் கால் பிரேக்கில் இல்லை. பக்கத்து சீட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“மெதுவாத்தான் போறேன். கால எடு, ஷரீபா,” என்றார் களைப்பாக.

கொஞ்சம் தயங்கி, பிரேக்கின் பிடி தளர்ந்தது.