நான்காவது போல்ட்

ஏணியின் ஒன்பதாவது படியில் நின்றுகொண்டு, யாராவது ஓடிவந்து தன்னைத் தடுக்க வேண்டுமே என்று லைட்டுக்காரர் காத்திருந்தார்.

அவருடைய வியாபாரமே அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னச் சின்ன ஊராட்சிகளுக்குச் சோலார் தெருவிளக்கு விற்பவர். கம்பெனிக்கு முதலாளி, விற்பனை அதிகாரி, எலக்ட்ரீஷியன் எல்லாம் அவரேதான். வேன் ஓட்டுவது, ஏணி பிடிப்பது, முதலாளியைக் கிண்டல் செய்வது ஆகிய மற்ற பொறுப்புகளை மனைவியின் தம்பியான மச்சான் கவனித்துக்கொண்டார்.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ஊரிலேயே இருட்டான இடமாகப் பார்த்து ஒரு விளக்கை இலவசமாக மாட்டுவார். ஒரு வாரம் எரியவிடுவார். எட்டாம் நாள் காலை, ஜனங்கள் நடமாடும் நேரமாகப் பார்த்து வந்து சாவகாசமாகக் கழற்றுவார்.

விளக்குக்கு நான்கு போல்ட். முதல் போல்டில் யாராவது என்ன ஏது என்று விசாரிப்பார்கள். இரண்டாவதில் கூட்டம் சேரும். மூன்றாவதில் ஊராட்சித் தலைவருக்குப் போன் போய்விடும். பதினெட்டு ஊர்களில் நான்காவது போல்டை அவர் தொட்டதே கிடையாது.

இது பத்தொன்பதாவது ஊர். நாற்பது விளக்கு. ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான் என்று நாற்பதையும் முன்கூட்டியே வாங்கி, வீட்டு ஹாலில் கூரை முட்ட அடுக்கியாயிற்று. ஒரு மாதமாக அவர் மனைவி சமையலறைக்குப் பக்கவாட்டில்தான் நடந்து போகிறார். இந்த ஆர்டர் கைநழுவினால் பெட்டிகள் உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே இருப்பீர்கள் என்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் போல்ட் கழன்றது. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

இரண்டாவது கழன்றபோது மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். லைட்டுக்காரருக்குத் தெம்பு வந்தது. ஸ்பேனரைக் கொஞ்சம் சோகமாகத் திருப்பினார்.

அவர்களோ முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது போல்ட் இறுகிவிட்டதாக நடித்துப் பார்த்தார்.

“கழல மாட்டேங்குதா அண்ணே? எண்ணெய் கொண்டாரேன்” என்று மூவரில் இளையவள் வீட்டுக்கு ஓடினாள்.

“மாமா, இது நமக்குப் புதுசா இருக்கே” என்றார் கீழேயிருந்து மச்சான்.

லைட்டுக்காரர் இறங்கி வந்தார். “ஏம்மா, லைட்டு சரியா எரியலையா?”

“அதெல்லாம் பளிச்சுன்னு எரியுது தம்பி” என்றார் மூத்தவர். “ஊசி விழுந்தாக்கூடத் தெரியுது. அதான் தொந்தரவே.”

பக்கத்தில் நின்றவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். “பொம்பளைங்களுக்குன்னு இந்த ஊர்ல இருந்த இருட்டு இது ஒண்ணுதான். ஒரு வாரமா விடியறதுக்கு முன்னாடி ஓடை தாண்டிப் போயிட்டு வர்றோம்.”

லைட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கம்பத்துக்குப் பின்னால் இடுப்பளவுப் புதர். அதற்குள் நுழையும் ஒற்றையடித் தடம். விளக்கு மாட்டிய அன்றே அதைப் பார்த்திருந்தார். ஆடு போகிற வழி என்று நினைத்திருந்தார்.

இந்த விளக்கு வந்தால் பெண்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று தலைவரிடம் முழுதாகப் பத்து நிமிடம் பேசியது அவர் வாய்தான். காது மடல் சூடாயிற்று.

“தலைவர்கிட்டச் சொல்லலாமே.”

“அவரு எனக்கு மாமனார் முறை” என்றாள் எண்ணெயோடு திரும்பி வந்த இளையவள். “எந்த வாயால அண்ணே சொல்றது?”

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் பைக் வந்து நின்றது.

“என்னப்பா, அதுக்குள்ள அவசரம்? நாப்பதும் எடுத்துக்கறோம், தீர்மானம் போட்டாச்சு. முதல் லைட்டு இதே இடத்துலதான்.”

மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

இந்த ஒன்றை மட்டும் வேறு தெருவில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். லைட்டுக்காரரின் வாயும் அதைச் சொல்லத்தான் கிளம்பியது. வழியில் அதற்கு என்ன ஆயிற்றோ.

“இந்த லைட்டு வெட்டவெளியில சரிப்படாது தலைவரே.”

தன் சரக்கைப் பற்றி அவர் இப்படியொரு குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. மச்சான் ஏணியை விட்டுவிட்டார்.

“சுத்தி நாலு சுவர் வேணும். மேல ஒரு கூரை. பக்கத்துல தண்ணிக் குழாய்.”

“தெரு லைட்டுக்கு எதுக்குப்பா தண்ணிக் குழாய்?”

“கதவும் வேணும். தாழ்ப்பாள் உள்பக்கம்.”

தலைவர் சிரிக்க வாயைத் திறந்தார். பெண்களைப் பார்த்தார். புதருக்குள் போகும் தடத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“இருக்கறது ஒரே நிதி. நீ சொல்றதைக் கட்டினா இந்த வருஷம் உன்கிட்ட ஒரு லைட்டுகூட வாங்க முடியாது. யோசிச்சுத்தான் பேசறியா?”

“யோசிச்சா பேச மாட்டேன் தலைவரே.”

தலைவர் அவரை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். “எத்தனை கதவு வேணும்?”

“ஆறு” என்றார் மூத்தவர்.

“எட்டு மாமா” என்றாள் இளையவள். இப்போது அவள் தரையைப் பார்க்கவில்லை. “ஒவ்வொண்ணுலயும் உள்ள ஒரு லைட்டு வேணும். இந்த அண்ணனோட லைட்டே இருக்கட்டும்.”

தெருவுக்கே வெளிச்சம் தருகிற விளக்கை அவ்வளவு சின்ன அறைக்குள் மாட்டினால் கண் கூசும் என்று சொல்ல லைட்டுக்காரர் வாயெடுத்தார். ஒரே நாளில் சொந்தச் சரக்கை இரண்டு தடவை குறை சொல்ல மனம் வரவில்லை.